வாரேன்னு சொல்லு

அக்டோபர் 5, ஞாயிறு

லிங்கத்தைப் பெருமாள்புரம் வீட்டில் விட்டுவிட்டு வந்தாயிற்று. அழுவான் என்று நினைத்து இரண்டு கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். அவன் அழவில்லை. புது அறையின் மின்விசிறியைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தான்.

என் தம்பிக்கு வயது நாற்பத்தொன்று. எழுத்தும் கணக்கும் அவன் தலையில் ஏறவில்லை. பேச்சு புரியும். ஆனால் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வான், அவனோடு உள்ள பாடே அதுதான். அம்மா போன பிறகு நாலு வருடமாக வீட்டில் நானும் அவனும் மட்டும். ஆனி மாதம் எனக்குத் தலைசுற்றி அடுக்களையில் விழுந்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து "யக்கா, காப்பி" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். கண் விழித்ததும் எனக்குத் தோன்றிய முதல் யோசனை, எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்பது. அலைந்து திரிந்து இந்த வீட்டைக் கண்டுபிடித்தவளும் நான்தான். ஆகையால் யாரையும் நொந்துகொள்ள முடியாது.

இது விடுதி இல்லை, ஒரு டிரஸ்ட் எடுத்து நடத்துகிற வாடகை வீடு. லிங்கத்தைப் போலவே இன்னொருவர், மேலப்பாளையத்துச் செய்யது, ஏற்கெனவே அங்கே இருக்கிறார். ஆளுக்கொரு அறை. சமைப்பது, துவைப்பது, கடைக்குப் போவது எல்லாம் அவர்களே செய்துகொள்ள வேண்டும். மாடியில் குடியிருக்கும் ஜெபமலர் துணைக்கு. அவளுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். லிங்கத்தை 'அண்ணன்' என்கிறாள். அவனை யாரும் அண்ணன் என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எங்கள் தெருப் பொடிசுகளுக்குக்கூட அவன் 'ஏல லிங்கம்'தான்.

"பொங்கல் வரைக்கும் பாப்போம்க்கா. அண்ணனுக்கு ஒத்துவந்துட்டுன்னா இந்த ரூம் அவியளுக்குத்தான். இல்லேன்னா அடுத்து ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்காவ" என்றாள்.

புறப்படும்போது கேட்டில் நின்று, "போயிட்டு வாரேம்ல" என்றேன். எல்லாரும் சொல்வதுதானே.

அக்டோபர் 6, திங்கள்

அவனுடைய போர்வை, தலையணை உறை, மெத்தை விரிப்பு எல்லாவற்றையும் துவைத்து, காயவைத்து, மறுபடி கட்டிலில் விரித்து வைத்தேன். திடீரென்று வந்து நின்றால் படுக்க இடம் வேண்டாமா?

சாயங்காலம் ஜெபமலர் போன் செய்தாள். "நேத்துலருந்து அண்ணன் வாசல் கேட் பக்கத்துலயே நிக்காவக்கா. சாப்பிடக் கூப்பிட்டா வாராவ, சாப்பிட்டுட்டுத் திரும்பப் போய் நின்னுக்கிடுதாவ. ஏன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ" என்றாள். புது இடம், பழகிவிடும் என்று சொன்னேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

எங்கள் வீட்டில் 'வாரேன்' என்ற வார்த்தை கிடையாது.

லிங்கம் சிறுவனாக இருந்தபோது அம்பாசமுத்திரம் மாமா வந்துவிட்டுப் போகையில், "போயிட்டு வாரேன் மருமவனே" என்றார். மருமகன் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மாமா வருகிறேன் என்றாரே, வரவேண்டாமா? மழை வந்தது, இறங்க மாட்டேன் என்றுவிட்டான், காய்ச்சலோடுதான் தூக்கிவந்தோம். கேஸ் சிலிண்டர்காரர், தபால்காரர், பால் கணக்குப் பார்க்க வருகிற அம்மாள் என்று யார் "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாலும் இதே கூத்து. 'போறேன்' என்று சொல்லச் சொல்லலாம் என்றால் அம்மாவுக்கு அது ஆகாது, வாசலில் அபசகுனமாக அப்படி யாராவது பேசுவார்களா என்பாள். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டை விட்டு யார் புறப்பட்டாலும் 'கெளம்புதேன்'. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காப்பி கொடுக்கும்போதே காதில் ஓதிவிடுவாள். 'கெளம்புதேன்' என்றால் லிங்கம் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாய் தவறிவிட்டது. ஜெபமலரிடம் இதைச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் சரியாக இருக்காது, நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஜெபமலர் மறுபடி போன் செய்தாள். "அண்ணன் இன்னைக்கு வாயத் தொறந்துட்டாவக்கா. 'அக்கா வாரேன்னாவ'ங்காவ. அன்னைக்கு நீங்க போயிட்டு வாரேன்னு சொன்னீங்கள்லா, அதத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்காவளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். உங்க வீட்ல எப்படிச் சொல்லுவிய?"

"எல்லாரும் சொல்ற மாதிரித்தான்" என்றேன்.

அப்போது பார்த்து அடுப்பில் சாம்பார் அடிபிடிக்கிற வாசனை வந்தது. போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெருமாள்புரம் போனேன். தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது, கேட்டில் கிளிப்பச்சையாக ஏதோ நிற்கிறது. கிட்டே போனால் லிங்கம். அப்படி ஒரு சட்டையை நான் எந்தக் கடையிலும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

"அண்ணனே எடுத்தாவ" என்றாள் ஜெபமலர், ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்வது போல. நாற்பத்தொரு வருடமாக அவனுக்குச் சட்டை எடுத்தவள் நான். வெளிர்நீலம், சந்தனம், சாம்பல், இவ்வளவுதான். அவனுக்குப் பச்சை பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும் என்று யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன், எரிச்சலாக வந்தது.

தயிர்சாதம் கிளறிக் கொண்டுபோயிருந்தேன். ஊட்டப் போனேன். செய்யது அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். லிங்கம் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

ஜெபமலர் மாடிக்குப் போயிருந்தாள், அதனால் அந்த விஷயத்தைச் சொல்ல முடியவில்லை. பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில் புறப்பட்டேன். "வாரேம்ல" என்று சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கேட்டில்தான் நின்றான்.

அக்டோபர் 28, செவ்வாய்

அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த தெருவில் ஒரு மெஸ். வாழையிலைக் கட்டு வந்ததும் பிரித்து, துடைத்து, கிழிசலை ஒதுக்கி, சாப்பாட்டு இலை தனியாக, டிபன் இலை தனியாக அடுக்க வேண்டும். நம் லிங்கத்துக்கு அது வருமா? வருகிறது என்கிறாள் ஜெபமலர். ஆனால் நேற்று போகவில்லை, இன்றும் போகவில்லை. கேட்டை விட்டு நகர்ந்தால் அக்கா வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளாம்.

நவம்பர் 4, செவ்வாய்

விசேஷம் ஒன்றுமில்லை. அலமாரியைத் துடைத்தேன். மத்தியானம் மறுபடியும் துடைத்தேன். தென்காசியிலிருந்து என் பழைய சிநேகிதி சுந்தரி போன் செய்தாள், ஒரு வாரம் வந்து இரேன், இப்போதுதான் உனக்குக் கால்கட்டு இல்லையே என்றாள். வாரேன் வாரேன் என்றேன். இப்படிச் சொல்லியே அவளைப் பல வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இட்லிக்கு ஊறப்போட்டதில் பழைய அளவே போட்டுவிட்டேன். மாவு பொங்கி வழிந்தது.

நவம்பர் 13, வியாழன்

ஜெபமலர் வீட்டுக்கே வந்துவிட்டாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். லிங்கத்தின் கட்டில் விரித்துத் தயாராக இருப்பதைப் பார்த்தாள்.

"பாதி நாளு அண்ணன் வேலைக்குப் போக மாட்டேங்காவக்கா. மெஸ்காரரு நல்ல மனுஷன், எத்தன நாளைக்குப் பொறுப்பாரு? இப்படியே போச்சுன்னா பொங்கல் வரைக்கும் பாக்க மாட்டாங்க. அடுத்த மாசமே ரூமை மத்தவருக்குக் குடுத்துருவாங்க. ஒரு ரெண்டு வாரத்துக்கு நீங்க வராம இருந்து பாருங்களேன்."

"என் தம்பிய நான் பாக்கக் கூடாதுங்கியா?"

"பாக்கக் கூடாதுன்னு சொல்லலக்கா."

பிறகு எதைச் சொன்னாள் என்று விளங்கவில்லை. காப்பியைக் குடிக்காமலே போய்விட்டாள். அவனுக்கு ஒத்துவரவில்லை என்றால் திரும்ப வரட்டும், அதற்கு ஏன் இவ்வளவு மனக்கஷ்டம்? இந்த வீடு எங்கே ஓடியா போய்விடும்?

நவம்பர் 16, ஞாயிறு

போகவில்லை. போகவில்லை என்றால், தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் போனேன். அங்கே நின்று பார்த்தேன். கேட்டில் பச்சைச் சட்டை. ஒவ்வொரு ஆட்டோவையும் குனிந்து குனிந்து பார்க்கிறான். எனக்காக ஒரு ஆள் இப்படி நிற்கிறான் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அது நிஜம், எழுதி வைக்கிறேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். தேவையே இல்லாமல் ஒரு தைலம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 19, புதன்

மூன்று நாளாக அடைமழை. மழையிலும் நின்றிருக்கிறான். காய்ச்சல். ஜெபமலர் போன் செய்ததும் ஆட்டோ பிடித்துப் போய்க் கூட்டிவந்துவிட்டேன். டாக்டரிடம் காட்டியாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை. ஆட்டோவில் ஏறும்போது செய்யதின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

இப்போது அவன் கட்டிலில் தூங்குகிறான். மிளகுரசம் வைத்தேன், இரண்டு தம்ளர் குடித்தான். வீடு வீடாக இருக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் எழுந்து பல் தேய்த்து, குளித்து, அந்தப் பச்சைச் சட்டையைத் தானே அலசிப் போட்டான். பித்தானைத் தானே மாட்டுகிறான். போன மாதம் வரை நான் மாட்டிவிட்டதுதான்.

மத்தியானம் பார்த்தால் எங்கள் வீட்டுக் கேட்டில் போய் நிற்கிறான். நான்தான் இங்கே இருக்கிறேனே, யாருக்காக நிற்கிறான்?

"எதுக்குல அங்கன நிக்க?"

"செய்யதுட்ட வாரேன்னு சொன்னேன்."

"என்னது?"

"போயிட்டு வாரேன்னு சொன்னேம்க்கா. கூட்டிட்டுப் போ."

மழை விட்டு வானம் வெறிக்கட்டும், கூட்டிப் போகிறேன் என்றேன்.

நவம்பர் 22, சனி

மழை வெறித்துவிட்டது. உடம்பு தேறட்டும் என்றேன். அவனுக்குப் பிடிக்குமே என்று தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தேன். வந்து உட்கார்ந்து, இரண்டு வாய் தின்றுவிட்டு மறுபடி கேட்டுக்குப் போய்விட்டான்.

இத்தனை வருடம் அவன் யாரிடமும் 'வாரேன்' என்று சொன்னதில்லை. சொல்லுமளவுக்கு எங்கும் போனதில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பஸ்ஸெல்லாம் கூட்டமா இருக்கும். நாளைக்குப் போலாம்" என்றேன். அவன் என்னையே பார்த்தான். "செய்யது நிப்பான்" என்றான். செய்யது அப்படியெல்லாம் நிற்க மாட்டார் என்று சொன்னேன். அவனுக்கு அது விளங்கவில்லை. வருகிறேன் என்று சொன்ன ஒரு ஆள் வராமல் இருப்பதும், அதற்காக இன்னொரு ஆள் நிற்காமல் இருப்பதும் அவன் உலகத்தில் கிடையாது.

நவம்பர் 24, திங்கள்

லிங்கத்தைக் காணோம்.

மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டு வந்து பார்த்தால் கேட் திறந்து கிடக்கிறது. செருப்பு இல்லை, பச்சைச் சட்டை இல்லை, என் குடையும் இல்லை. கோயில் வரைக்கும் ஓடினேன். மார்க்கெட் பக்கம் ஓடினேன். பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன், "பச்சைச் சட்டை, கிளிப்பச்சை, பார்த்தீங்களா?" தலை சுற்றியது. நான்தான் அவனுக்கு ரோடு கடக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒருநாளும் கையை விட்டதில்லை. லாரியும் பஸ்ஸுமாகப் போகிற ரோட்டில் அவன் எங்கே நிற்பான், எப்படிக் கடப்பான்? பஸ் நிறுத்தத்தில் பூ விற்கிறவள்தான் சொன்னாள், "பச்சைச் சட்டக்காரரா? பெருமாள்புரம் பஸ் எதும்மான்னு கேட்டாவ. நாந்தான் ஏத்திவிட்டேன். சில்லறை வச்சிருந்தாவளே."

போன் அடித்தது. ஜெபமலர்.

"அண்ணன் வந்துட்டாவக்கா. தனியாவே வந்துருக்காவ!" அவள் குரல் துள்ளியது. பின்னால் செய்யது கத்துவது கேட்டது. "கேட்டத் தொறந்ததும் செய்யது அண்ணன்ட்ட 'வந்துட்டேன்'னு சொன்னாவ, நேரா இலை தொடைக்கப் போயிட்டாவ."

அங்கேயே, பூக்காரியின் கூடைக்குப் பக்கத்தில், உட்கார்ந்து அழுதேன். உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியில் அழுதேன். அது மட்டும் இல்லை. என்னை விட்டுப் போக அவனுக்கு வழி தெரிந்துவிட்டது என்றும் அழுதேன்.

நவம்பர் 25, செவ்வாய்

குடையை வாங்கிவருகிற சாக்கில் போனேன். கேட்டில் யாரும் இல்லை. மெஸ்ஸின் பின்கட்டில் எட்டிப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். ஒரு இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கிழிசலைக் கண்டு ஒதுக்கி, அடுத்ததை எடுத்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான், வேலையை நிறுத்தவில்லை.

ஜெபமலரிடம் சொன்னேன். "எங்க வீட்ல அந்த வார்த்தைய நாங்க சொல்லுததில்ல. கெளம்புதேன்னுதான் சொல்லுவோம்."

"தெரியும்க்கா" என்றாள். "தீபாவளி முடிஞ்ச மறுநாளே அண்ணன் எங்கிட்ட சொல்லிட்டாவ."

"தெரிஞ்சா ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டேனேக்கா. அதுக்கும் முந்தியே" என்றாள். அவள் மேல் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சாயங்காலம் லிங்கம் வேலை முடிந்து வந்தான். புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, "கெளம்புதேம்ல" என்றேன். தலையாட்டினான். உள்ளே போய்விட்டான். நான் தெருமுனை திரும்பும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன், கேட் வெறுமனே கிடந்தது. அம்மா கண்டுபிடித்த வார்த்தை நன்றாகத்தான் வேலை செய்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடவில்லையாம். கேட்டுப் பக்கமே போவதில்லையாம். எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள், நானும்தான்.

டிசம்பர் 10, புதன்

அவன் கட்டிலை மடக்கிச் சாத்தி வைத்தேன். அறை பெரிதாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விரித்தேன். பிறகு மடக்கினேன்.

டிசம்பர் 27, சனி

போன் செய்தேன். மார்கழிக் குளிருக்குப் போர்வை போதுமா என்று கேட்டேன். "போதும்" என்றான். என்ன சாப்பாடு என்றேன். "நான் ரசம் வச்சேன்" என்றான். நன்றாக இருந்ததா என்றேன். "உப்பு" என்றான். போனை வைத்துவிட்டான். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவர்களும்தான் கேட்பதில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஜெபமலர் காலையிலேயே போன் செய்து சொல்லிவிட்டாள். அந்த அறை இனி லிங்கத்துக்குத்தான். நல்லது என்றேன். நிஜமாகவே நல்லது.

மத்தியானம் லிங்கமும் செய்யதும் பஸ்ஸில் வந்தார்கள். கையில் ஒரு சுருள் இலை, அவன் துடைத்து அடுக்கியது. "இது சாப்பாட்டு இலை. டிபன் இலை இல்ல" என்று எனக்கு விளக்கினான். மூன்று இலைகளையும் அவனே போட்டான், நுனி இடதுபக்கம் வரும்படி. கீறல் இருந்த ஒரு இலையைத் தனக்கு வைத்துக்கொண்டான். செய்யது சர்க்கரைப் பொங்கலை மூன்று தடவை கேட்டு வாங்கினார். நெடுநாளைக்குப் பிறகு என் வீட்டில் சத்தம் இருந்தது.

நாலு மணிக்கு லிங்கம் எழுந்தான். அவனுடைய பழைய அறையை எட்டிப் பார்த்தான், மின்விசிறியை ஒருமுறை போட்டு அணைத்தான். செருப்பை மாட்டினான்.

இதோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். எந்த வார்த்தையைச் சொல்வான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெளம்புதேம்க்கா" என்றான்.

சரிதான். அவன் திரும்பி வரப்போவதில்லை, வராததற்கு வருகிறேன் என்று அவன் சொல்லமாட்டான். "சரில, பாத்துப் போ" என்றேன். இரண்டு பேரும் போனார்கள். நான் கேட்டில் நின்றேன். தெருமுனை வரை போய்விட்டார்கள். நான் நகரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். நின்றான். செய்யதை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாக நடந்து வந்தான்.

"ஏன் நிக்க?" என்றான்.

"சும்மாதாம்ல."

கொஞ்சம் யோசித்தான். "ஞாயித்துக்கிழம நான் சாம்பார் வைக்கேன். நீ வா."

"பாப்பம்ல" என்றேன். சுந்தரிக்கும் ஊரில் எல்லாருக்கும் சொல்கிற அதே குரல்.

"பாப்பம் இல்ல" என்றான். கேட்டுக் கம்பியின் மேலிருந்த என் கையைப் பிடித்தான். "வாரேன்னு சொல்லு."

என் வாயிலிருந்து எத்தனையோ தடவை வந்த வார்த்தைதான், இப்போது வரமாட்டேன் என்றது. அவன் அவசரப்படுத்தவில்லை. நிற்பது அவனுக்குப் பழக்கம்.

"வாரேன்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான்.

ஜனவரி 18, ஞாயிறு

எழுந்ததிலிருந்து தலை கொஞ்சம் கனமாக இருக்கிறது. மாத்திரை போட்டாயிற்று. சுந்தரிக்குப் போன் செய்து அடுத்த வாரம் புதன்கிழமை தென்காசிக்கு வருகிறேன் என்று சொன்னேன். கிழமை சொல்லிவிட்டாயே, உடம்புக்கு என்ன என்று கேட்கிறாள்.

சேலை மாற்றியாயிற்று. இன்னும் விவரமாக எழுதலாம், நேரமில்லை. நான் போகிறவரை அவன் கேட்டை விட்டு நகரமாட்டான், அடுப்பில் சாம்பார் இருக்கும்.